தங்கக் காதுக்கு ஒரு பொன்னாடை

வாங்க தம்பி, உள்ள வாங்க. பாட்டு செட்டு பாக்கத்தானே? காலையிலேயே அவுக சொல்லிட்டாக, அம்பாசமுத்திரத்துலேருந்து ஒருத்தர் வருவாரு, இருக்கச் சொல்லு, நான் இந்தா வந்துருதேன்னு. எங்க வீட்டுக்காரவுக 'இந்தா'ன்னா ஒரு மணி நேரம். எப்பவும் இதே சோலிதான். செட்டு பாக்க ஒரு ஆளு வருதுன்னு தெரிஞ்சா போதும், பையைத் தூக்கிட்டு மார்க்கெட்டுக்கு ஓடிருவாக. நாலு கத்திரிக்காய்க்கு ஒரு மணி நேரம்! என் மூஞ்சியைப் பாக்க வெக்கம், வேற என்ன?

செருப்பு அங்கனயே கெடக்கட்டும். அந்த நாக்காலியில உக்காருங்க. ஐயையோ, நகட்டிராதீக! தரையில பெயின்ட்டுல நாலு புள்ளி வெச்சிருக்கு பாருங்க, நாலு காலும் அதுமேலதான் நிக்கணும். அரை அங்குலம் தள்ளினாலும் பாட்டு ஒரு பக்கமாச் சாஞ்சிரும். இருபத்திரெண்டு வருசமா நான் அந்த நாக்காலியைச் சுத்திச் சுத்தித்தான் பெருக்குதேன்.

உங்க வண்டியில முன் சக்கரத்துல பிரேக் கட்டை உரசுதுல்லா? தெருமுனையில திரும்பும்போதே கேட்டுச்சு. போற வழியில யாருகிட்டயாவது காமிச்சுருங்க.

போனை எதுக்கு நீட்டுதீக? வெளம்பரமா? வேண்டாம் தம்பி, உள்ள வைங்க. அதுல என்ன எழுதியிருக்கும்னு எனக்குத் தெரியாதா? 'நல்ல செட்டு, சொந்தக் காரணத்தால் விற்கிறேன்.' அந்தச் சொந்தக் காரணம் நான்தான். நல்லாப் பாத்துக்கிடுங்க.

முதல்லயே சொல்லிருதேன், எனக்கு இந்தப் பாட்டு கீட்டு, செட்டு கிட்டு ஒரு எழவும் தெரியாது. நான் உண்டு, அடுக்களை உண்டு. இந்த வீட்டுல கோட்டி புடிச்ச ஆளு ஒருத்தர்தான், அது நான் இல்ல.

அவுக பாலிடெக்னிக்குல எலக்ட்ரானிக்ஸ் லேபைப் பாத்துக்கிட்டிருந்தாக. போன ஆனியோட ரிட்டயர்டு. எங்க பொண்ணு சங்கரிக்கு அஞ்சு வயசு இருக்கையில ஆரம்பிச்ச கூத்து இது. முதல்ல சின்னதா ஒரு ஆம்ப்ளிஃபயரு, ரெண்டு ஸ்பீக்கர் பெட்டி, அவ்வளவுதான். சரி, மனுசனுக்கு ஒரு பொழுதுபோக்கு வேணும்லான்னு விட்டேன். அடுத்த தைப் பொங்கலுக்குள்ள பெட்டி பெரிசாச்சு. அப்புறம் ஆம்ப்ளிஃபயரைப் பிரிச்சு ரெண்டாக்கினாக. அப்புறம் வால்வு செட்டு, இந்தா இருக்கு பாருங்க, கண்ணாடிக் குடுவைக்குள்ள செவசெவன்னு எரியும், அது சூடாகி முடிக்க அரை மணி நேரம். ஒரு சட்டி சோறு பொங்கிரலாம்.

டர்ன்டேபிளுக்குக் கீழ என்ன கல்லுன்னு பாக்கீகளா? என்னோட அம்மி. ஆமா! நான் அரைச்சுக்கிட்டிருந்த அம்மி! மேசை லேசா ஆடுது, ரெக்கார்டு சுத்தும்போது அந்த ஆட்டம் தவில் சத்தத்துல வந்து ஒட்டிக்கிடுது. அவுகளுக்கு அது தெரியவே இல்ல, ஒரு மாசமா என்னென்னவோ மாத்துதாக. நான்தான் பொறுக்க முடியாம, கீழ கனமா ஒரு கல்லு வெச்சா நின்னுரும்லான்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். மறுநாள் காலேஜ்லேருந்து ரெண்டு பேரு வந்து அம்மியைத் தூக்கிட்டுப் போயிட்டானுவ. அன்னிக்குச் சட்னிக்கு நான் பக்கத்து வீட்டுக்குப் போனேன். ஆனா ஒண்ணு, தவில் சுத்தமாயிட்டு.

செவத்தைப் பாருங்க. முட்டை அட்டை. சத்தம் செவத்துல முட்டித் திரும்பாம இருக்கவாம். நாங்க சுத்த சைவம் தம்பி. சங்கரியைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு, இப்ப சம்பந்தியா இருக்காகளே, அந்த அம்மா கதவைத் தள்ளிட்டு இந்த ரூமுக்குள்ள எட்டிப் பாத்துட்டாக. தரையிலேருந்து உத்தரம் வரைக்கும் முட்டை அட்டை! மூஞ்சி அப்படியே சுண்டிப் போச்சு. 'ஒரு நாளைக்கு எத்தன தேவைப்படும்?'னு கேக்காக. கல்யாணம் நின்னு போயிருக்கும் அன்னிக்கு. எங்க ஆளு குறுக்க வந்து ஒலி அலை, எதிரொலின்னு முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தாக. அந்த அம்மாவுக்கு என்ன வெளங்கிச்சோ, இதைக் கேக்கதுக்குப் பதிலா சம்மதம் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிரலாம்னு சம்மதம் சொல்லிட்டாக.

சிரிக்கீக. எம் பொண்ணு கல்யாணம் தம்பி அது!

சரி, விசயத்துக்கு வாரேன். எங்க ஆளு பேசாத மடந்தை. கல்யாணமான புதுசுல அவுக என்கிட்டப் பேசின வார்த்தையை விரல் விட்டு எண்ணிரலாம். 'வாரேன்', 'சோறு போடு', 'கரண்டு போயிட்டு'. அவ்வளவுதான். இந்த செட்டு வந்தப்புறம்தான் வாயே தெறந்தாக. பின்னாடி குனிஞ்சு உக்காந்து ஏதாவது ஒரு கெப்பாசிட்டரை மாத்துவாக, மாத்திட்டு இங்கருந்து சத்தம் குடுப்பாக, 'ஆவுட, இப்ப எப்படி?' என் பேரு ஆவுடைநாயகி. நான் அடுக்களையில புளியைக் கரைச்சுக்கிட்டே சொல்லுவேன், 'பாடுதவளுக்குச் சளி புடிச்சிருக்கு.' அவுக எதையோ கழத்தி எதையோ மாட்டுவாக. 'இப்ப?' 'சளி போயிட்டு. வயலின்காரருக்குத்தான் வில்லு வழுக்குது.' 'இப்ப?' 'ஆங், இப்ப எல்லாரும் உக்காந்துட்டாக.' ஒரு நாளைக்கு இருபது தடவை. ஞாயித்துக்கிழமைன்னா நாப்பது. என் உசுரு போயிரும் தம்பி. மனுசி சமைக்கவா, சங்கீதம் கேக்கவா?

இல்ல, காதுன்னா எனக்கு ஒண்ணும் விசேசமாக் கெடையாது. எல்லாருக்கும் கேக்கதுதானே. நாலு வீடு தள்ளி ஒரு குக்கருக்கு வாசரு போயிட்டுன்னா தெரியாதா? ஃபேன் ஓடுத சத்தத்தை வெச்சு அது எந்தக் கம்பெனின்னு தெரியாதா? தெரியாதா உங்களுக்கு? ஓ. சரி, விடுங்க.

அப்புறம் சங்கம் ஒண்ணு ஆரம்பிச்சாக. நெல்லை ஸ்டீரியோ ரசிகர் சங்கம். ஏழெட்டுப் பேரு, எல்லாம் தல நரைச்ச பிள்ளைக. பேங்குல இருந்து ரிட்டயர்டான தளவாய் சாருதான் தலைவரு. மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நம்ம வீட்டுல கூடுவாக. வந்து சும்மா கேட்டுட்டுப் போவாகளா? போட்டி! கட்டில் விரிப்பைக் கயித்துல தொங்க விட்டு, அதுக்குப் பின்னாடி ரெண்டு ஆம்ப்ளிஃபயரை வெச்சு, தளவாய் சார் உள்ள நின்னு மாத்தி மாத்திப் போடுவாரு. வெளிய இருக்கவுக ஒண்ணா ரெண்டான்னு சொல்லணும். பத்துத் தடவை. கண்ணைக் கட்டிச் சட்டி ஒடைக்க மாதிரி, ஆனா இது காதைத் தீட்டிக்கிட்டு. நான் அவுகளுக்கு வடை சுடணும், காபி போடணும். என் தலையெழுத்து.

முதல் தடவை எங்க ஆளு பத்துக்கு மூணு. மூணு தம்பி! சொந்த வீட்டு செட்டு! மத்தவன் எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கான். இவுக மூஞ்சியை நீங்க பாத்திருக்கணுமே. எனக்குப் பாவமாப் போயிட்டு. ஏன்னா எனக்கு அடுக்களையில நின்னே தெரியுது. ஒண்ணாவதுல தம்பூரா தள்ளி நிக்கும், ரெண்டாவதுல பக்கத்துல நிக்கும். இது கூடவா தெரியாது ஒரு மனுசனுக்கு?

அடுத்த மாசம் நான் வடைச் சட்டிக்கிட்ட நின்னேன். ஒண்ணாவது ஓடுச்சுன்னா கரண்டியால சட்டி விளிம்புல ஒரு தட்டு. ரெண்டாவதுன்னா ரெண்டு தட்டு. அவுககிட்ட நான் சொல்லலை, அவுக என்கிட்டக் கேக்கலை. முதல் ரெண்டு தடவை முழிச்சாக. மூணாவதுலேருந்து புடிச்சுக்கிட்டாக. லேப்ல இருந்தவுகல்லா, சட்டுன்னு புரிஞ்சிட்டு. பத்துக்கு எட்டு. அதுக்கடுத்த மாசம் பத்துக்குப் பத்து. அதுக்கப்புறம் ஆறு வருசம் பத்துக்குப் பத்துதான். தளவாய் சார் அசந்து போயிட்டாரு. தூத்துக்குடி, நாகர்கோவில்லேருந்தெல்லாம் ஆளுக பெட்டியைத் தூக்கிட்டு வருவானுவ, 'சார், நீங்க ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க'ன்னு. இவுக கண்ணை மூடிக்கிட்டு யோசிக்க மாதிரி உக்காந்திருப்பாக. காது எங்க இருக்கும்? அடுக்களையில, என் கரண்டியில. ஒரு தடவை எண்ணெய் குறைஞ்சுட்டுன்னு நான் சட்டியை ஏத்தி இறக்கிட்டேன், அது மூணு தடவை 'டங்'குன்னுச்சு, மனுசன் 'மூணு'ன்னு சொல்லிட்டாக. அங்க இருந்ததே ரெண்டுதான்.

இதைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசினதில்லை தம்பி. ஆறு வருசம். அவுகளும் பேசல, நானும் பேசல. எனக்கு அதுல ஒரு சந்தோசம் இருந்துச்சு, இல்லைன்னு ஏன் பொய் சொல்லணும்?

வந்தது வெனை. போன சித்திரையில சங்கத்து ஆண்டு விழா. நம்ம வீட்டு ஹாலுலதான். தளவாய் சார் எந்திரிச்சு, 'நமது சங்கத்தின் தங்கக் காது'ன்னு பேசி, எங்க ஆளுக்குப் பொன்னாடை போத்துதாரு. எல்லாரும் கை தட்டுதாக. நான் கேசரித் தட்டைத் தூக்கிக்கிட்டு நிலைப்படியில நிக்கேன். இவுகளைப் பேசச் சொன்னாக. நானும் பாக்கேன். சொல்லுவாக, இப்பச் சொல்லுவாக, 'எல்லாம் என் சம்சாரம் சொன்னது'ன்னு விளையாட்டுக்காவது ஒரு வார்த்தை வரும்னு பாக்கேன். அவுக தொண்டையைக் கனைச்சுட்டுச் சொல்லுதாக, 'இது ஆண்டவன் குடுத்த காது'ன்னு.

ஆண்டவன்! ஆண்டவனாய்யா வடை சுட்டான்?

நோகாம நொங்கு தின்னுட்டு, பொன்னாடையை மடிச்சு பீரோவுல வெக்காக. என் சேலைக்கு மேலயே வெக்காக. எனக்கு எப்படி இருக்கும்? வயிறு எரிஞ்சிட்டு தம்பி. பொன்னாடைக்கா நான் அலையுதேன்? அந்தச் சரிகை ஒரு தடவை தொவைச்சா போயிரும். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை.

அந்த வாரம்தான் சங்கரி உண்டாயிருக்கான்னு சேதி வந்துச்சு. தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானே பாக்கணும்? எங்களுக்குக் கீழ இந்த ஒரே ரூம்தான், நாங்க படுக்கது மாடியில. வயித்துப்பிள்ளைக்காரியை மாடி ஏத்த முடியுமா? எனக்குக் கையில புடி கெடச்சிட்டு. வளைகாப்புக்கு நாள் குறிச்சதும் நான் சொன்னேன், 'அதுக்கு முன்னாடி இந்தச் சவம் பூரா இந்த ரூமை விட்டுப் போகணும். பொண்ணு வேணுமா, பெட்டி வேணுமான்னு முடிவு பண்ணிக்கிடுங்க'ன்னு.

நான் என்ன நெனச்சேன்? சண்டைக்கு வருவாக, கெஞ்சுவாக, அப்பப் புடிச்சுக்கிடுவோம், அந்த ஆண்டவன் கதையை அப்பக் கேப்போம்னு நெனச்சேன். அவுக என்னை ஒரு பார்வை பாத்தாக. 'சரி'ன்னாக. மறுநாள் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து இன்டர்நெட்டுல சங்கத்துப் பக்கத்துல வெளம்பரம் போட்டுட்டாக. நான் எட்டிக்கூடப் பாக்கல. என்ன ரோசம் பாத்தீகளா? எனக்குத்தான் ரோசம், அவுகளுக்கு ஒண்ணும் இல்ல. இருபத்திரெண்டு வருசத்தை ஒரே 'சரி'யில முடிச்சுட்டாக. அன்னியிலேருந்து 'இப்ப எப்படி'ங்கிற பேச்சே இல்ல. வீடு கெணறு மாதிரிக் கெடக்கு. நான் புளியைக் கரைச்சாலும் ஒரு ஆளு கூப்பிடலை.

இருங்க தம்பி, போனை எடுக்காதீக, இன்னும் முடியல.

அதுக்கப்புறம் நான் ஒரு வேலை செஞ்சேன். உங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க எங்க ஊரா? இந்தா, இடது பக்கத்துப் பெட்டிக்குப் பின்னாடி ரெண்டு வயரு இருக்குல்லா, செவப்பு ஒண்ணு, கருப்பு ஒண்ணு. அதை ரெண்டையும் கழத்தி இடம் மாத்தி மாட்டிட்டேன். வலது பக்கத்துல கை வைக்கல. அப்படிப் பண்ணினா ஒண்ணும் கெட்டுப் போகாது, பாட்டு ஓடும். ஆனா பாடுதவ நடுவுல நிக்க மாட்டா, செவரு பூராவும் கரைஞ்சு போயிருவா. தவிலுக்கு வயிறே இருக்காது, வெறும் தகரம். கேக்க ஆளுக்குத் தலைக்குள்ள என்னவோ பண்ணும், ஆனா என்னன்னு தெரியாது. எனக்கு எப்படித் தெரியுமா? அவுக எத்தனை தடவை வயரை மாத்தி மாட்டிட்டு முழிச்சிருக்காக, நான்தானே 'ஒரு பக்கம் திரும்பிட்டு'ன்னு சொல்லுவேன்.

ஏன் பண்ணினேன்னு கேக்கீகளா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவுக உக்காந்து கேட்டுட்டு, என்னமோ சரியில்லையே ஆவுடன்னு கூப்பிடட்டும்னுதான். கூப்பிட்டா ஓடிப்போய்ச் சரி பண்ணிருவேன். மூணு வாரம் ஆகுது தம்பி. மனுசன் தினமும் காலையில இந்த நாக்காலியில உக்காந்து கேக்காக. கரைஞ்சு போன பாட்டைக் கேட்டுட்டுத் தலையை ஆட்டி ஆட்டி ரசிக்காக! எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல. இந்த ஆளுக்குப் பொன்னாடையாம்.

மூணு பேரு வந்துட்டுப் போயிட்டாக. முதல்ல தூத்துக்குடிக்காரரு. வந்ததும் என்னைப் பாத்துக் கையைக் கூப்பி, 'நீங்கதானாம்மா அது?'ன்னாரு. எது நானு? எனக்கு ஒண்ணும் புரியல. 'செட்டைப் பத்தி நீங்களே சொல்லுங்கம்மா'ன்னாரு. என்ன நக்கல் பாத்தீகளா? கேட்டுப் பாத்துக்கிடுங்கன்னு போட்டு விட்டேன். அஞ்சு நிமிசம் உக்காந்தாரு, மூக்கைச் சொறிஞ்சாரு, போயிட்டாரு. அடுத்து நாகர்கோவில்லேருந்து ஒரு டாக்டரு, சம்சாரத்தோட வந்தாரு. அந்த அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'உங்களைப் பாக்கத்தான் நானும் கூட வந்தேன்'னாக. நான் என்ன மண்டபத்துச் சிலையா? மூணாவது ஆளு கோயில்பட்டி, அவரு கேசரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் போனாரு. இவுக மார்க்கெட்டுலேருந்து வந்து 'என்னாச்சு?'ம்பாக. 'பிடிக்கலையாம்'பேன். ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான்.

ஆனா தம்பி, இப்ப என் கழுத்துக்கு வந்துட்டு. வர்ற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. முடிச்ச கையோட பிள்ளையைக் கூட்டிட்டு வரணும். நேத்து சங்கரி போன் போட்டா. 'யம்மா, அந்த ரூம் காலி ஆச்சா? ஆகலைன்னா சொல்லு, நான் தென்காசியிலேயே இருந்துக்கிடுதேன். அத்தை கட்டிலெல்லாம் போட்டு ரெடி பண்ணிட்டாக'ங்கா. கேட்டீகளா? தலைப்பிரசவத்துக்கு மாமியார் வீட்டுல கெடப்பாளாம் எம் பொண்ணு! நான் இருக்கையில! ஊரு என்ன சொல்லும்? ஊரை விடுங்க, எனக்கு எப்படிப் பொறுக்கும்? ஒத்தப் பிள்ளை தம்பி. நேத்துலேருந்து எனக்குச் சோறு இறங்கல. வயரைச் சரி பண்ணினா செட்டு போயிரும். பண்ணலைன்னா பிள்ளை வரமாட்டா. எல்லாம் இந்த மனுசனால. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?

என்ன தம்பி, திரும்பத் திரும்ப போனை நீட்டுதீக! படிக்கணுமா? கண்ணாடி மாடியில இருக்கு. சரி, நீங்களே படிங்க, என்னதான் எழுதிக் கிழிச்சிருக்காகன்னு பாப்போம். சத்தமாப் படிங்க.

'இந்த செட்டை இருபத்திரெண்டு வருடமாகக் கட்டியவன் நான். இதற்குக் காது கொடுத்தது என் மனைவி ஆவுடைநாயகி.'

என்னது?

படிங்க, படிங்க. நிப்பாட்டாதீக.

'எனக்குக் காது கிடையாது. சங்கத்துப் போட்டியில் நான் சொன்ன விடையெல்லாம் அடுக்களையிலிருந்து வந்தவை. சங்கத்தார் மன்னிக்கவும். எனக்குப் போட்ட பொன்னாடை அவளுக்குச் சேர வேண்டியது. அன்றைக்கு அதைச் சொல்ல எழுந்தேன், கூட்டத்தில் வாய் வரவில்லை. செட்டை வாங்க விரும்புகிறவர்கள் அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளவும். நான் பக்கத்தில் இருந்தால் எனக்கு விட்டுக்கொடுத்து வாய் திறக்காமல் இருந்துவிடுவாள். அதனால் நான் வெளியே போய்விடுவேன். யாருக்குக் கொடுப்பது என்பதும் அவள் முடிவு.'

இது எப்பப் போட்டது? முதல் நாளேவா? ஏ யம்மா! அப்ப தூத்துக்குடிக்காரரு… அந்த டாக்டரு சம்சாரம்… ஊருக்கே தெரிஞ்சிருக்கு. தளவாய் சாருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியல.

இருங்க. ஒரு நிமிசம். அழுதேன்னு நெனைக்காதீக. ஆமா, அழத்தான் செய்தேன், என்ன இப்ப? முப்பது வருசம் குடும்பம் நடத்தினவ அழக் கூடாதா?

ஆனா பாத்தீகளா தம்பி, இந்த ஆளு குசும்பை! உலகம் பூரா எழுதிப் போடத் தெரியுது. ஒரே கூரைக்குக் கீழ இருக்கவகிட்டச் சொல்ல வாய் வரல. நான் சாம்பார் ஊத்துதேன், இவுக திங்காக, அப்பச் சொன்னா என்ன, முத்தா உதுந்துரும்? கம்ப்யூட்டருல எழுதினா ஆச்சா? அது ஊருக்கு. எனக்கு வாயால வேணும்.

சரி. இப்பக் கேளுங்க. செட்டு உங்களுக்குத்தான். வெலையெல்லாம் அவுககிட்டப் பேசிக்கிடுங்க. ஏன் உங்களுக்குன்னா, ஒரு மணி நேரமா வாயைத் தெறக்காம உக்காந்திருக்கீக. கேக்கத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் இதைக் குடுக்கணும். வியாழக்கிழமை வேன் கொண்டாங்க. வெள்ளிக்கிழமை அந்தச் செவத்தோரமா எம் பொண்ணுக்குக் கட்டிலைப் போட்டுருவேன். முட்டை அட்டையை எல்லாம் பிச்சுருவேன். அம்மி உங்களுக்குக் கெடையாது, அதை நான் அடுக்களைக்குக் கொண்டு போயிருவேன்.

எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. இந்த செட்டுல மேல் சத்தம் ஒரு பொட்டுக் காந்தும், எத்தனையோ தடவை சொல்லிட்டேன், அவுகளுக்கு ஏறல. பிள்ளையைப் பெத்து நல்லபடியா அனுப்பி வெச்சப்புறம் புதுசா ஒண்ணு கட்டச் சொல்லணும். இந்தத் தடவை மேல் சத்தம் பாடுத ட்வீட்டரை நான் போய்க் கேட்டுத்தான் எடுப்பேன். அவுக எடுத்தா வெளங்காது.

நானா? எனக்கு எங்க தம்பி கோட்டி? நான் சும்மா சொல்லுதேன்.

உஸ்! ஸ்கூட்டர் சத்தம். ரெண்டாவது தெருவுல திரும்புதாக. சீக்கிரம் கேளுங்க. நீங்க இதை எனக்குப் படிச்சுக் காமிச்சீகன்னு மூச்சு விடக் கூடாது. தெரிஞ்சிட்டா, அதான் எழுதிட்டேன்லான்னு அப்புறம் ஜென்மத்துக்கும் வாயைத் தெறக்க மாட்டாக. வயரை நான் இன்னும் தொடல. அவுக ரெக்கார்டு போடுவாக, நீங்க கேளுங்க. கேட்டுட்டு, 'சார், இடது பக்கம் என்னமோ சரியில்லையே, உங்களுக்கு எப்படி இருக்கு?'ன்னு மட்டும் கேளுங்க. நேராக் கேளுங்க, விட்றாதீக. சிரிச்சுக் காரியத்தைக் கெடுத்துராதீக. மூஞ்சியை நேரா வைங்க. கண்ணைத் தொடைச்சது தெரியுதா எனக்கு? இல்லையே? சரி.

வந்துட்டீகளா? ஏங்க, பதினோரு மணிக்கு வந்த தம்பி எவ்வளவு நேரமாக் காத்துக்கிட்டிருக்காரு! நானா? நான் என்னத்தப் பேசினேன், வாயே தெறக்கல. பையை இங்கன குடுங்க. கத்திரிக்காய் பூரா சொத்தை. போங்க, போய் ரெக்கார்டைப் போட்டுக் காமிங்க. நான் அடுக்களையில இருக்கேன்.

என்ன? தம்பி என்ன சொல்லுதாரு? இடது பக்கமா? எனக்கு என்னங்க தெரியும். என்னை ஏன் பாக்கீக? தங்கக் காது நீங்கதானே. நல்லாக் கேட்டுச் சொல்லுங்க, வெளியூருலேருந்து வந்திருக்காரு பாவம்.

ஆங்? என்ன சொன்னீக? காது யாரோடதுன்னு?

அந்தப் பாட்டை நிப்பாட்டிட்டுச் சொல்லுங்க. தம்பியைப் பாத்து இல்ல, இங்கன பாத்து.

தம்பிக்குக் கேட்டுருக்கும்ங்க, அவரு பக்கத்துல இருக்காரு. எனக்குக் கேக்கல. ரெண்டு நாளாக் காது அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. இன்னொரு தடவை சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க.